கச்சிப் படையும் இலங்கை அரியணையும்

கி.பி. 640 அளவில் காஞ்சி வந்த யுவான் சுவாங், இலங்கைத் துறவியர் பலரை இங்குக் கண்டார். மன்னன் மறைவாலும் பஞ்சத்தாலும் கலகத்தாலும் கடல் கடந்தவர்கள் அவர்கள். அரசுரிமை இழந்த மானவர்மனும் முதலாம் நரசிம்மவர்மனை அடைந்து, சளுக்கியப் போரில் பல்லவர்க்குத் துணைநின்றான். பல்லவப் படை ஈழம் சென்றது அந்நன்றிக்காகவே. மக்கள் துயர் துடைக்க அன்று.

இலங்கை வெற்றியால் நரசிம்மன் இராமனையே விஞ்சினான் எனக் காசாக்குடிச் செப்பேடு புகழும். சூளவம்சம் காட்டும் காட்சி வேறு. அரியணை கைக்கெட்டிய வேளையில், பல்லவ மன்னன் நோயுற்றான் என்னும் செய்தி கேட்டுப் படை ஊர் திரும்பியது; மானவர்மன் மீண்டும் ஏதிலியானான். பேரரசொன்றின் அயல்நாட்டுக் கொள்கை ஓர் உடலின் நலத்தைப் பற்றி நின்றது! மறுமுறை, மன்னனும் உடன்வருகிறான் எனப் படையினர் நம்பும்பொருட்டு, தன் அணிகளையும் அரசச் சின்னங்களையும் மானவர்மனுக்கு அளித்துவிட்டு நரசிம்மன் கரையிலேயே தங்கினானாம். இம்முறை அநுராதபுரம் வீழ்ந்தது.