ஒளியியலில் ஓர் இஸ்னாத்

லேசரை முஸ்லிம்களே கண்டுபிடித்தார்கள் என ஆலங்குடிப் பகுதி மீலாது மேடைகளில் சிலர் முழங்கக் கேட்டிருக்கிறோம். இப்னுல் ஹைதமுக்கு இப்புகழுரை தேவையில்லை. ஹிஜ்ரி 354இல் (கி.பி. 965) பஸராவில் பிறந்த அவ்வறிஞர், ஏழு பாகங்கள் கொண்ட ‘கிதாபுல் மனாளிர்’ எனும் நூலில் ஒரு சோதனையை விவரிக்கிறார். துளையொன்றின் எதிரே பல விளக்குகளை வைத்தால், இருட்டறைச் சுவரில் அத்தனை ஒளிப்புள்ளிகள் விழுகின்றன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டுமே மறைகிறது. திறந்தால் அதே இடத்தில் மீள்கிறது. ஒளிகள் துளையில் சந்தித்தும் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பது இவ்வாறு நிறுவப்பட்டது. இத்தகைய சோதனைக்கு அவர் இட்ட பெயர் ‘இஃதிபார்’. ஓர் அறிவிப்புக்கு வேறு வழிகளில் துணை உண்டா எனத் தேடுவதை ஹதீஸ் கலையினரும் இச்சொல்லாலேயே குறிப்பர்.

ஆயினும், ஒளியலையின் அதிர்வு ஒழுங்குபெறும் ‘தளவிளைவு’ அவர் அறியாதது. பொருளை இரட்டையாகக் காட்டும் ஐஸ்லாந்துப் படிகத்தை பார்த்தோலின் விவரித்தது 1669இல். எதிரொளித்த ஒளியிலும் அப்பண்பு உண்டென மாலஸ் கண்டது 1808இல்.

இத்துறையில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. சர் சி.வி. ராமனின் சகோதரி மகன் பஞ்சரத்தினம், பெங்களூர் ராமன் ஆய்வுக் கழகத்தில் 1956இல், தம் 22ஆம் வயதில், ஒரு கட்டுரை எழுதினார். தளவிளைவு நிலைகள் மூன்றினூடே ஒளியை நடத்தித் தொடக்க நிலைக்கே மீட்டாலும், அதன் அலைக்கட்டத்தில் ஒரு வேறுபாடு எஞ்சுகிறது. தளவிளைவு நிலைகளைப் புள்ளிகளாகக் குறிக்கும் ஆரம் 1 கொண்ட கோளத்தில், அம்மூன்றும் அமைக்கும் முக்கோணப் பரப்பின் பாதியே அவ்வேறுபாடு. 1969இல், 35 வயதில், அவர் ஆக்ஸ்ஃபோர்டில் மறைந்தார். கட்டுரையைப் பெரும்பாலோர் கவனிக்கவில்லை.

1984இல் மைக்கேல் பெர்ரி குவாண்டம் இயற்பியலில் இத்தகைய கட்டத்தைக் கண்டறிந்து புகழ்பெற்றார். ராமசேஷனும் நித்தியானந்தாவும் 1986இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் பஞ்சரத்தினத்தின் முந்தைய பணியைச் சுட்டிக்காட்டினர். பெர்ரியோ 1987இல் தனிக்கட்டுரையே எழுதி, முன்னவருக்குரிய இடத்தை ஒப்புக்கொண்டார். இஸ்னாதைப் பேணும் சமுதாயம் பெரிதும் மதிக்க வேண்டிய நாணயம் இது.

லேசர் ஒளி ஏறத்தாழ ஒரே அலைநீளம் உடையது. பிரிந்த இரு கதிர்கள் மீண்டும் சேரும்போது தோன்றும் மாற்றத்தைக் கொண்டு, அலைநீளத்தின் சிறு பின்னத்தையும் அளக்கலாம். அதே ராமன் கழகத்தின் ராஜேந்திர பண்டாரியும் ஜோசப் சாமுவேலும் 1988இல் இவ்வழியைக் கையாண்டனர். லேசர் கதிரொன்றின் தளவிளைவைச் சுழற்சியாக மாற்றி, பஞ்சரத்தினம் கூறிய கட்டத்தைக் கருவியிலேயே அளந்து காட்டினர்.