பீத்தோவனுக்குச் சென்ற பியானோ

இசைப் புலவர்களின் வரலாற்றை எழுதுவோர் அவர்தம் படைப்புகளைப் பற்றி விரிவாக எழுதுவர். அவர்தம் கருவிகளைச் சுமந்து சென்றவர்களைப் பற்றி எழுதுவது அரிது. இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்டது அவ்வாறு சுமந்து செல்லப்பட்ட ஒரு பியானோவின் கதை. குழலாயின் இடுப்பிற் செருகிக்கொண்டு ஊர் கடக்கலாம். ஏறத்தாழ எட்டடி நீளமுள்ள பியானோவைக் கடல் கடத்துவது எளிதன்று.

1817ஆம் ஆண்டில், இலண்டனில் பியானோ செய்து புகழ் பெற்ற குடும்பத்தைச் சேர்ந்த தாமஸ் பிராட்வுட் வியன்னாவிற்குச் சென்று பீத்தோவனைக் கண்டார். பீத்தோவனுக்கு அப்போது வயது 46. செவிப்புலன் பெரிதும் குன்றியிருந்தது. ஊர் திரும்பிய பிராட்வுட், தம் தொழிலகத்திற் செய்த ஆறு ஸ்தாயிப் பியானோ ஒன்றை அவருக்குப் பரிசாக அனுப்ப முடிவு செய்தார். கால்க்பிரென்னர், ரீஸ், கிராமர், பெராரி, நிவெட் என்னும் இசைவாணர் ஐவர் அதில் கையெழுத்திட்டனர்.

எவ்வழியாக அனுப்புவது? நேர்வழி ஜெர்மானிய நாடுகளினூடே செல்வது. ஆனால் 1834இல் சுங்க ஒன்றியம் ஏற்படும் வரை அந்நாடுகள் பலவும் தனித்தனியே சுங்கம் தண்டின. எல்லைதோறும் வண்டி நிற்க வேண்டும். பெட்டியைத் திறந்து காட்டவும் நேரலாம். மற்றொரு வழி கடல்வழி. ஸ்பெயினைச் சுற்றி, ஜிப்ரால்ட்டர் நீரிணையைக் கடந்து, ஏட்ரியாட்டிக் கடலின் தலைமாட்டிலுள்ள திரியெஸ்த் துறைமுகத்தை அடைவது. வழி மிக நெடிது. ஆயினும் திரியெஸ்த் ஆஸ்திரியப் பேரரசின் துறைமுகம். அங்கே இறங்கிய சரக்கு வியன்னா வரையில் ஒரே அரசின் நிலத்திற் செல்லும். வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையரின் அரணாயிருந்த அல்ஜியர்ஸ் நகரை ஆங்கிலக் கடற்படை 1816இல் குண்டு வீசித் தாக்கியிருந்தது என்பதையும் மாணவர்கள் நினைவிற் கொள்ளலாம். பிராட்வுட் கடல்வழியைத் தேர்ந்தார். அது அறிவுடைய தேர்வு என்றே நான் கருதுகிறேன். பெருங்கருவியை அனுப்புவோர் முதலிற் கேட்க வேண்டியது கூலி எவ்வளவு என்பதன்று. எத்தனை முறை அது கை மாறும் என்பதே.

1817 டிசம்பர் 27ஆம் நாள் தொழிலகத்தின் பதிவேட்டில் இவ்வனுப்புகை பதியப்பட்டது. 7362 என்னும் எண்ணுள்ள பியானோ, தகரமும் பைன் பலகையும் கொண்ட பேழை, அதன்மேல் இட்ட குறி, மில்லெட் என்பவர் அதனைக் கப்பலேற்றுவதற்காக ஃபார்லோ என்பாரிடம் சேர்ப்பித்தது, திரியெஸ்தில் பெற்றுக்கொள்ள வேண்டிய வணிகரின் பெயர் ஆகிய அனைத்தும் அதில் உள்ளன. வறண்ட கணக்கேடுதான், ஆயினும் கருவி எந்நேரத்தில் யாருடைய பொறுப்பில் இருந்தது என்பதை அஃது ஐயமறக் காட்டுகிறது.

தகரம் எதற்கு என்று கேட்கலாம். அந்நாளைய பியானோவிற்கு முழு வார்ப்பிரும்புச் சட்டம் இல்லை. கம்பிகளின் இழுவிசையைப் பெரும்பாலும் மரமே தாங்கியது. உப்பு நீராவி உட்புகுந்தால் ஒலிப்பலகை பருக்கும், பசை நெகிழும், கம்பி துருவேறும். பலகை அடியைத் தாங்கும்; ஈரத்தைத் தடுப்பது தகரமே.

பரிசு வருகின்றது என அறிந்த பீத்தோவன், 1818 பிப்ரவரி 3ஆம் நாளே பிரெஞ்சு மொழியில் நன்றிக் கடிதம் எழுதினார். பியானோ அப்போது வந்து சேரவில்லை! ஆஸ்திரிய அரசு அதற்குரிய சுங்கத்தைத் தள்ளுபடி செய்தது. திரியெஸ்திலிருந்து வியன்னாவிற்கு ஏறத்தாழ 360 மைல். புகைவண்டிப் பாதை அவ்விரு நகரங்களையும் இணைத்தது 1857இல்தான். ஆதலால் ஆல்ப்ஸ் மலைத்தொடர் குறுக்கிடும் அத்தொலைவு முழுவதையும் குதிரை வண்டியே கடந்தது. குண்டும் குழியுமான பாதையில் அவ்வண்டியை நடத்திச் சென்றவர்களின் பெயர்கள் பதிவேட்டில் இல்லை.

1818ஆம் ஆண்டின் இடைப்பகுதியில் கருவி வந்து சேர்ந்தது. அதன் சுருதி கலைந்திருந்தது. ஆங்கில இசைவாணர் சிப்ரியானி பாட்டர் வாசித்துப் பார்த்துவிட்டு அதனைப் பீத்தோவனிடம் கூறினார். எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள், சுருதி கூட்டுவதாகச் சொல்லிக் கெடுத்துவிடுவார்கள், ஒருவரும் அதைத் தொடலாகாது என்று பீத்தோவன் மறுத்துவிட்டார். பிறர் பேசுவதை எழுதிக் காட்டச் செய்யும் உரையாடற் குறிப்பேடுகளை அவர் கையாளத் தொடங்கியதும் அவ்வாண்டில்தான். கடலும் மலையும் செய்யாததை, கேளாச் செவியினர் ஒருவர் ஒலியைத் தேடி ஓங்கி அடித்த அடிகள் செய்தன. 1824இல் அவரைக் காண வந்த ஸ்டும்ப் என்பவர், அறுந்த கம்பிகள் முட்புதர்போற் பின்னிக் கிடந்த கோலத்தைக் கண்டார்.

1827இல் பீத்தோவன் மறைந்தபின் ஏலத்திற் சென்ற அப்பியானோ, பின்னர் லிஸ்ட் என்னும் இசைமேதையின் உடைமையாகி, அவர் வழியாகப் புடாபெஸ்ட் நகரிலுள்ள ஹங்கேரிய தேசியக் காட்சிச்சாலையை அடைந்தது. 1991இல் அதனைப் பழுது பார்த்து மீண்டும் வாசிக்கத்தக்கதாக ஆக்கினர். ஐவரின் கையெழுத்துகள் இன்னும் அதன்மேல் உள்ளன.