அவுரிப் பணத்தைத் துறந்த ஆட்டக்காரர்

1882 ஆகஸ்ட் 29, லண்டன் ஓவல் மைதானம். ஆஸ்திரேலியாவை வீழ்த்த இங்கிலாந்துக்கு 85 ஓட்டங்களே தேவை. ஆனால் ஆஸ்திரேலியாவின் ஸ்பாஃபர்த்தின் பந்துவீச்சில் விக்கெட்டுகள் சரிந்துகொண்டிருந்தன. அந்தப் பருவத்தில் இதே ஆஸ்திரேலியர்களுக்கு எதிராக இரண்டு சதம் அடித்திருந்த 21 வயது சார்லஸ் ஸ்டட்டை, கேப்டன் ஹார்ன்பி பத்தாவது ஆளாக நிறுத்திவைத்திருந்தார். ஸ்டட் களமிறங்கினார், ஒரு பந்தைக்கூட எதிர்கொள்ளவில்லை. மறுமுனையில் பீட் ஆட்டமிழக்க, 7 ஓட்டங்களில் தோல்வி. அந்தத் தோல்வியிலிருந்து பிறந்ததுதான் இரு நாடுகளும் மோதும் ஆஷஸ் தொடர்.

ஸ்டட்டின் வாழ்க்கையில் இதற்குமேல் கிரிக்கெட்டுக்கு அதிக இடமில்லை. மொத்தம் ஐந்து டெஸ்டுகள் ஆடினார், கேம்பிரிட்ஜ் அணிக்குத் தலைமை தாங்கினார். சகோதரர் ஜார்ஜ் கடும் நோயில் கிடந்தபோது, புகழால் என்ன பயன் என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. 1885 பிப்ரவரியில், 'கேம்பிரிட்ஜ் எழுவர்' என்று பேசப்பட்ட நண்பர்களோடு மிஷனரியாகச் சீனாவுக்குக் கப்பலேறினார். அங்கே சீன உடை, சீன உணவு, சீன மொழி.

அவர் மட்டையைக் கீழே வைத்ததைத்தான் பலரும் வியந்து பேசுகிறார்கள். அதைவிடப் பெரிய துறவு பணத்தில் நடந்தது.

தந்தை எட்வர்ட் ஸ்டட், பீகாரின் திர்ஹத் பகுதியில் அவுரித் தோட்டம் நடத்திப் பெரும் செல்வம் சேர்த்தவர். வட பீகாரின் அவுரிச் சாகுபடி, குடியானவர்களைக் கட்டாயப்படுத்தி நடந்த தொழில். 1917இல் காந்தி சம்பாரணுக்குப் போனதும் அதே அவுரிக் கொடுமையை விசாரிக்கத்தான். அந்தச் சொத்தில் மகனுக்கு வந்த பங்கு ஏறத்தாழ 29,000 பவுண்டு. சீனாவில் இருந்தபடியே அதை முழுவதும் கொடுத்துவிட முடிவுசெய்தார். பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்திட வேண்டிய பிரிட்டிஷ் தூதரக அதிகாரி, இரண்டு வாரம் யோசித்துவிட்டு வரச் சொன்னார். இரண்டு வாரம் கழிந்தும் ஸ்டட்டின் மனம் மாறவில்லை. 1887 ஜனவரியில் நற்செய்திப் போதகர் மூடி, அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர் உள்ளிட்டோருக்கு 5,000 பவுண்டு வீதம் போனது. ஒரு 5,000 பவுண்டு இந்தியாவில் இயங்கிய சால்வேஷன் ஆர்மிக்கு வந்தது. மிச்சமிருந்த 3,400 பவுண்டை மணப்பெண் பிரிசில்லாவிடம் கொடுத்தார். அவரோ அதையும் தானம் செய்துவிட்டே மணமேடை ஏறினார். பட்டினத்தார் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த மனம் புரியும். ஆனால் அவுரி விளைவித்த குடியானவர்களுக்கு இது சேர வேண்டிய கடன் என்ற நினைப்பு அந்தக் கொடைப் பட்டியலில் இல்லை. அந்தக் காலத்து மிஷன் உலகின் பார்வைக்கு அது எட்டவேயில்லை. அதைச் சொல்லாமல் இந்தக் கொடையைப் புகழ முடியாது.

சீனாவை விட்டுத் திரும்பியபின், 1900 முதல் 1906 வரை ஸ்டட் நம் ஊட்டியில் இருந்தார். யூனியன் சர்ச்சின் போதகர். அந்நாளில் சென்னை அரசாங்கமே கோடையில் மலையேறிவிடும் ஊர் அது. அவருடைய சபையில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளும் அதிகாரிகளும் படைவீரர்களும் உட்கார்ந்தார்கள். ஆஸ்துமா வாட்டியது. நான்கு பெண் குழந்தைகளும் கூடவே வளர்ந்தார்கள்.

உடல்நலம் கெட்ட நிலையிலும், ஐம்பது வயதைத் தாண்டி, 1913இல் மிஷன் பணிக்காகப் பெல்ஜியன் காங்கோவுக்குப் போனார். இதய நோயாளியான பிரிசில்லா இங்கிலாந்திலேயே தங்கி, கணவர் தொடங்கிய மிஷனுக்கு ஆளும் பணமும் திரட்டினார். அவர் காங்கோ மண்ணை மிதித்தது 1928இல் ஒரே ஒரு முறை, சுமார் இரண்டு வாரம். மறு ஆண்டே இறந்துபோனார். ஸ்டட்டின் துறவுக்கு அதிக விலை கொடுத்தவர் அவர்தான்.

காங்கோவின் இபாம்பியில் ஸ்டட் தன்னைப் போலவே மற்றவர்களும் நாளெல்லாம் உழைக்க வேண்டும் என்று கெடுபிடி செய்தார். வலிக்காக எடுத்த மார்ஃபின் பழக்கமாயிற்று. சக ஊழியர்கள் பிரிந்தார்கள். மிஷனின் லண்டன் குழு உறவையே முறித்துக்கொண்டது. 1931 ஜூலை 16 அன்று அங்கேயே காலமானார். மிஷனை மருமகன் நார்மன் கிரப் எடுத்து நடத்தி, பல நாடுகளுக்கு விரிவாக்கினார்.