குளமும் மேடும்: வாசலில் பேசாத கணக்கு

தேவிகுளம், பீர்மேடு பற்றிப் பேச்சு வந்தால் தேனி மாவட்டத்தில் ஒரு வாசகம் கூடவே வந்துவிடும். "குளமாவது மேடாவது, எல்லாம் இந்தியாவுக்குள்ளதானே இருக்கு" என்று காமராஜர் சொன்னாராம். அதைச் சொன்னாரா இல்லையா என்பது தனிப் பஞ்சாயத்து. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த வாசகத்துக்குள் இருக்கும் நம்பிக்கை. எல்லோரும் ஒரே ஒன்றியத்துக்குள் வந்துவிட்டால் பழைய எல்லைச் சண்டைகளுக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும் என்கிற நம்பிக்கை அது. ஒன்றியங்கள் எல்லாமே இதை நம்பித்தான் கட்டப்படுகின்றன. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் நின்று பார்த்தால் விஷயம் அவ்வளவு லேசாக இல்லை.

ஒரு நாடு ஒன்றியத்தில் சேர்வது எப்படி நடக்கிறது? இன்றைக்கு நமக்குத் தெரிந்த பெரிய உதாரணம் ஐரோப்பிய ஒன்றியம். சேர விரும்பும் நாடு முதலில் மனு போட வேண்டும். ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, தாக்குப்பிடிக்கும் சந்தைப் பொருளாதாரம் என்று 1993இல் கோபன்ஹேகனில் வகுத்த நிபந்தனைகளில் தேற வேண்டும். பிறகு முப்பத்தைந்து அத்தியாயங்களாகப் பேச்சுவார்த்தை. கடைசியில் ஏற்கெனவே உள்ளே இருக்கும் நாடுகள் அத்தனையும் சம்மதிக்க வேண்டும். ஒரே ஒரு பங்காளி முறைத்துக்கொண்டாலும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். துருக்கி 1987இல் மனு கொடுத்துவிட்டு இன்னும் நிற்கிறது. மாசிடோனியா, கிரீஸின் எதிர்ப்பைத் தீர்க்க 2019இல் தன் பெயரையே வட மாசிடோனியா என்று மாற்றிக்கொண்டது. அதன் பிறகு பல்கேரியா குறுக்கே வந்து நின்றது.

குரோஷியாவின் கதை நம் ஊர்க்காரர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். பிரான் வளைகுடாவில் எந்தத் தண்ணீர் யாருக்கு என்று அதற்கும் ஸ்லோவேனியாவுக்கும் தகராறு. ஸ்லோவேனியா முதலில் உள்ளே போய்விட்டதால், குரோஷியாவின் பேச்சுவார்த்தையை முடக்கிப் போட்டது. நடுவர் தீர்ப்புக்குக் கட்டுப்படுகிறோம் என்று 2009இல் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வழி திறந்தது. 2013இல் குரோஷியா உள்ளே வந்தது. ஸ்லோவேனியாவின் நடுவரும் அதிகாரியும் ரகசியமாகப் பேசிக்கொண்டது 2015இல் அம்பலமானதும், அதைக் காரணம் காட்டி நடுவர் மன்றத்தைவிட்டே வெளியேறியது. 2017இல் வந்த தீர்ப்பை ஏற்கவும் மறுத்தது. சம்பந்தம் பேசும்போது கிடைக்கிற சம்மதம் தாலி ஏறிய பிறகு கிடைக்காது.

இப்போது 1947க்கு வருவோம். அன்று குமுளி மலைக்கு மேலே இருந்தது வேறொரு நாடு: திருவிதாங்கூர். பிரிட்டிஷார் போனதும் தனி நாடாக இருப்போம் என்று திவான் சி.பி. ராமசாமி ஐயர் ஜூன் 11 அன்று அறிவித்தார். கடற்கரையும் வெளி வணிகமும் மோனசைட் மணலும் இருந்ததால் அது வெறும் வாய்ச்சவடால் இல்லை. ஆனால் உள்ளே மக்கள் எதிர்ப்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் ஒரு கச்சேரி முடிந்து கிளம்பிய சி.பி.யை ஒருவர் வெட்டினார். அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் தனி நாடு என்ற யோசனை பிழைக்கவில்லை. சில நாட்களிலேயே மகாராஜா மவுண்ட்பேட்டனுக்கு இணைவதாகத் தந்தி அடித்துவிட்டார்.

அந்த இணைப்புப் பத்திரத்தை நினைத்துப் பாருங்கள். பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு என்று மூன்றே விஷயங்கள்தான் ஒன்றியத்துக்குப் போயின. முப்பத்தைந்து அத்தியாயங்கள் கிடையாது, பல வருடக் காத்திருப்பு கிடையாது. அறிவிப்புக்கும் தந்திக்கும் நடுவே ஏறக்குறைய ஏழு வாரம்தான். துணைக்கண்டம் ரத்தம் சிந்திக்கொண்டிருந்த அந்த நேரத்தில் வேகம்தான் தேவைப்பட்டது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பேசாமல் விட்ட கணக்குகள் அப்படியே உள்ளே வந்தன.

அதில் பெரிய கணக்கு பெரியாறு. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் போட்ட குத்தகை அது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய், 999 வருடம். 1895இல் அணை முடிந்து, மேற்கே போன தண்ணீர் சுரங்கம் வழியாகக் கிழக்கே இறங்கியது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைவது அந்தத் தண்ணீரில்தான். ஆங்கிலேயன் ஒருவனின் பெயரை இன்றும் பிள்ளைகளுக்கு வைத்து, ஜனவரி 15 அன்று பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைக்கிற ஊர்கள் இவை.

இந்தக் குத்தகை 1947இல் செத்துவிட்டதா? பின்னாளில் கேரளம் அப்படித்தான் வாதாடியது. இந்திய சுதந்திரச் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி, சமஸ்தானங்களோடு பிரிட்டிஷ் முடியரசு போட்டிருந்த ஒப்பந்தங்கள் எல்லாம் ஆகஸ்ட் 15 அன்று காலாவதி. அப்படியென்றால் பெரியாறு குத்தகையும் காலாவதிதானே? இந்தக் கேள்விக்கு முடிவான பதில் கிடைக்க 2014 மே 7 வரை ஆனது. அது அரசியல் உடன்படிக்கை இல்லை, நிலக் குத்தகைதான், அதனால் உயிரோடுதான் இருக்கிறது என்றது உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு. இணைந்த நாளில் ஒரு வரியில் எழுதியிருக்க வேண்டியதைத் தெரிந்துகொள்ள 67 வருடம்.

இன்னொரு கணக்கு குளமும் மேடும். 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. அதற்குள் இருந்த தமிழ்ப் பகுதிகள் சென்னை மாகாணத்தோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954இல் நேசமணி மூணாறில் கைதானார். அந்த ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தார்கள். 1955இல் வந்த மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் அறிக்கை தெற்கே நான்கு தாலுகாக்களையும் செங்கோட்டையையும் தமிழர்களுக்குக் கொடுத்தது. தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் கொடுக்கவில்லை. அங்கே இருக்கும் தமிழர்களில் பெரும்பாலோர் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இன்றும் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிற பெண்கள் காலையில் ஒரு மாநிலத்திலும் சாயங்காலம் இன்னொரு மாநிலத்திலும் இருக்கிறார்கள். எல்லை ஒரு தடையில்லை என்றே தோன்றும். ஆனால் 2011 டிசம்பரில் அணைப் பிரச்சினை வெடித்தபோது குமுளிப் பாதை அடைபட்டது, கம்பத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் மலையை நோக்கி நடந்தார்கள். எல்லாம் இந்தியாவுக்குள்தான் இருந்தது. எல்லையும் இருந்தது.

அப்படியானால் ஒன்றியத்தால் என்ன லாபம்? இருக்கிறது. 1941இல் குத்தகைத் தகராறு நடுவரிடம் போனபோது, பாசனத்துக்கு மட்டும்தான் தண்ணீர், மின்சாரம் எடுக்கக் கூடாது என்று சென்னைக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. ஒரே குடியரசுக்குள் வந்த பிறகு 1970இல் இரண்டு மாநிலங்களும் உட்கார்ந்து பேசி வாடகையை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தின, மின்சாரத்துக்குத் தனிக் கட்டணம் வைத்தன, மீன்பிடி உரிமை கேரளத்துக்குப் போனது. லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு அதனால்தான் சட்ட பலம் கிடைத்தது. நீர்மட்டம் 136 அடியா 142 அடியா என்பதைக்கூட இரண்டு பட்டாளங்கள் முடிவு செய்யவில்லை, ஒரு நீதிமன்றம் முடிவு செய்தது. எல்லையோரத்தில் வாழ்கிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஒன்றியம் சண்டையைத் தீர்த்துவைக்கும் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். அது சண்டை போட ஒரு பொது இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். விட்டுக்கொடுக்க வைக்கும் பலம் வாசலில் நிற்கும் நேரத்தில் மட்டுமே இருக்கிறது. ஐரோப்பா வாசலிலேயே வருடக்கணக்கில் நிறுத்திப் பேசுகிறது, நாம் உள்ளே அழைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தோம். அந்தப் பேச்சு முடியாத ஒவ்வொரு வருடமும், ஜூன் மாதம் தண்ணீர் திறப்பார்களா என்று கூடலூர்க்காரர் நாற்றங்காலில் நின்று மலையைப் பார்க்கிறார்.