மாறாமையின் மதிப்பு: லினக்ஸ் வரலாற்றில் ஒரு நோக்கு

கொழும்பு கிராண்ட்பாஸ் வீதிக்குத் தமிழ் இதழியல் வரலாற்றில் தனியிடம் உண்டு. 1930ஆம் ஆண்டு தோன்றிய வீரகேசரி நெடுங்காலம் அவ்வீதியிலிருந்தே வெளிவந்தது. விடியுமுன் நாளேட்டை முடிக்கவேண்டிய அச்சகத்துக்குப் பொறியின் புதுமையிலும் அதன் தவறாமையே பெரிது. இதே தேவை கணினித் துறையிலும் ஒரு மரபைத் தோற்றுவித்தது. எளிமையும் நிலைபேறும் வாய்ந்த லினக்ஸ் வழங்கல்கள் அம்மரபின் விளைவுகளே.

1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ், பணிசெயல் முறைமையின் கரு மட்டுமே. அக்கருவுடன் வேண்டிய மென்பொருள்களைத் தொகுத்தளிப்பது வழங்கல் எனப்படும். 1993 யூலையில் பற்றிக் வோல்கேர்டிங் சிலாக்வெயரை வெளியிட்டார். அதன் அமைப்புகள் எவரும் படித்துத் திருத்தத்தக்க எளிய எழுத்துக் கோப்புகளில் இருந்தன. அடுத்த மாதமே இயன் மர்டொக் டெபியன் திட்டத்தை அறிவித்தார்.

டெபியனில் புதிய மென்பொருள் முதலில் 'நிலையற்ற' கிளையிலும், பின்னர் 'சோதனை'க் கிளையிலும் இடம்பெறும். பெருங்குறைகள் களையப்பட்ட பின்னரே 'நிலையான' வெளியீட்டிற் சேரும். அதன்பின் பாதுகாப்புத் திருத்தங்களும் பிழைத் திருத்தங்களும் வருமேயன்றி இயல்புகள் பெரிதும் மாறா. 2002 யூலை வெளியீட்டுக்கு அடுத்தது 2005 யூனிலேயே வந்தது. புதிய வன்பொருளுக்கு இப்பழைமை இடையூறே என்பதை மறுத்தல் இயலாது. ஆயினும் ஓய்வின்றி இயங்கவேண்டிய சேவையகங்களுக்கு அதுவே அரணாயிற்று.

சென்னை சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட 'பொஸ்' என்னும் இந்திய வழங்கலும் டெபியனையே அடித்தளமாகக் கொண்டது. தமிழ் முதலிய இந்திய மொழிகளில் கணினியைப் பயன்படுத்த அது வழிசெய்தது. திரைச்சொற்கள் அடிக்கடி மாறுமாயின், அவற்றைத் தமிழாக்குவோரின் உழைப்பு ஓயாது வீணாகும். ஆசிரியரும் கற்பித்ததையே மீண்டும் கற்பிக்க நேரும். ஆட்பலமும் பொருள்பலமும் குறைந்த மொழிச் சமூகத்துக்கு நிலைபேறு வெறும் வசதியன்று. தேடியதைக் காக்கும் வழியாகும்.

எனினும், இந்நிலைபேற்றைக் காப்பவர் யார்? 2029வரை பேணப்படும் என நம்பப்பட்ட சென்ட்ஓஎஸ் 8, ரெட் ஹட் நிறுவனத்தின் 2020 திசெம்பர் அறிவிப்பின்படி 2021 இறுதியிலேயே முடிவுற்றது. அதன் வெற்றிடத்தை நிரப்ப அல்மாலினக்ஸ், றொக்கி லினக்ஸ் ஆகியன அவ்வாண்டிலேயே எழுந்தன. மூலநிரல் எவருக்கும் திறந்திருந்தமையாலேயே அது இயன்றது. டெபியனோ 1997இல் தன் கடமைகளைச் சமூக ஒப்பந்தமாக எழுதிவைத்துத் தன்னார்வலர் கூட்டாகவே இயங்கிவருகின்றது.

ஆகவே மாறாமை என்பது தேக்கமன்று. பயன்படுத்துவோருக்கு அளிக்கப்படும் வாக்குறுதி. அவ்வாக்குறுதியைக் காக்கும் உரிமையும் பொறுப்பும் பலர் கையில் இருக்குமளவுக்கே அது நிலைக்கும் என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.