ஒரு சிறு சுரப்பியும் தாய்மாரின் சோர்வும்

மூளையின் அடியில் பட்டாணியளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியை, அரபு நூல்கள் ஜாலீனூஸ் என்றழைக்கும் கேலன், மூளையின் சளி வடியும் வழி என்றே கருதினார். சளியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே அதற்குப் பெயருமாயிற்று. ஏனைய சுரப்பிகள் பலவற்றை அதுவே ஆள்கிறது என்பது 20-ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று.

1937-இல் ஆங்கில மருத்துவர் ஷீஹான் ஓர் உண்மையை விளக்கி எழுதினார். கருவுற்ற காலத்தில் இச்சுரப்பி பருக்கிறது. பேற்றின்போது குருதி மிகுதியாக வெளியேறின், ஊட்டமின்றி மடிந்துவிடக்கூடும். பின்னர் பால் சுரவாது, மாதவிடாய் திரும்பாது, தீராச் சோர்வு பற்றும்.

நம் நாட்டில் இந்நோய் எவ்வளவு? ஸ்ரீநகர் ஷேர்-இ-காஷ்மீர் மருத்துவக் கழகத்தின் அப்துல் ஹமீது ஸர்கரும் அவர்தம் குழுவினரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு விடை தந்தது. காஷ்மீரில் 20 வயது கடந்த, பிள்ளை பெற்ற பெண்களில் நூற்றுக்குச் சுமார் 3 பேர்! அவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் வீட்டிலேயே பிள்ளை பெற்றவர்கள்.

புழலுக்குக் காஷ்மீர் தொலைவுதான். ஆயினும், பேற்றுக்குப்பின் ஆண்டுக்கணக்கில் சோர்ந்து கிடக்கும் பெண்ணைச் சோம்பேறி என்று ஏசுவதும், காற்றுக் கருப்பு என்று தாயத்துக் கட்டுவதும் இங்கும் உண்டு. அவளுக்கு இந்நோயாயின், வேண்டியது குருதிச் சோதனையும், குறைந்த ஹார்மோனை ஈடுசெய்யும் மாத்திரையுமே. அன்று எவ்வளவு குருதி போயிற்று என்பதை மருத்துவரிடம் மறவாது சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லே அவள் வாழ்வை மீட்டுத் தரலாம்.