உங்கட பாடு எப்பிடி?

இலங்கையின் தமிழ்க் கரைகளில் நெடுநாள் காணாத ஒருவரைக் கண்டால் "சுகமா?" என்று கேட்பதோடு பேச்சு முடியாது. "உங்கட பாடு எப்பிடி?" என்ற கேள்வி பின்னாலேயே வரும். பதிலும் அதே சொல்லில்தான். "என்ட பாடு போகுது." "அவன்ட பாடு பரவாயில்லை." "இனிப் பிள்ளைகள்ட பாட்டைப் பார்க்க வேணும்." வயிறு, கடன், உடம்பு, மனது எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கேட்கும் சொல் இது. மருத்துவர் உடம்பைப் பற்றிக் கேட்பார், வங்கிக்காரர் கடனைப் பற்றிக் கேட்பார். பாட்டை விசாரிப்பவர் முழு ஆளையும் விசாரிக்கிறார்.

புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக் குடாநாட்டில் இதே சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கிழக்கே புத்தளம் களப்பு, மேற்கே திறந்த கடல், இடையில் மெலிந்து நீண்ட மணல்தரை. அதன் கடற்பக்கத்தில் இருக்கிறது கண்டக்குழி. இந்தக் கரைகளில் கரைவலை வளைத்து இழுப்பதற்கென்று வகுத்த கரைத்துண்டும் அதன் முன்னால் கிடக்கும் கடலும் சேர்ந்ததற்குப் பாடு என்று பெயர். வலைக்குள் வந்து விழுவது மீன்பாடு. பட்ட துன்பமும் பாடு, செய்த உழைப்பும் பாடு, உழைக்கும் இடமும் பாடு, கிடைத்ததும் பாடு. ஒரே சொல்லில் இந்த நாலும் எப்படி வந்து சேர்ந்தன?

தொடக்கம் 'படு' என்ற வினை. சுடு என்பது சூடாகவும், கெடு என்பது கேடாகவும், பெறு என்பது பேறாகவும் நீண்டதுபோலப் படு என்பது பாடாக நீண்டது. இலக்கணக்காரர் இதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பர். பாட்டுப் பாடுகிற 'பாடு' வேறு. ஓசை ஒன்றானாலும் உறவில்லை.

படு என்ற வினை வரும் இடங்களைப் பாருங்கள். வெயில் படுகிறது, கண்ணில் படுகிறது, காயம் படுகிறது, கடன்படுகிறோம், ஆசைப்படுகிறோம், வெட்கப்படுகிறோம். ஏதோ ஒன்று வந்து நம்மைத் தொடுகிறது. அதன் வழியில் நாம் நிற்கிறோம். சூரியன் கடலில் இறங்குவதும் படுதல்தான். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் எழுவான்கரை, படுவான்கரை என்று பெயர் வைத்தவர்கள் அந்தப் பழைய பொருளை இன்றுவரை காப்பாற்றித் தந்திருக்கிறார்கள். மரம் காய்ந்து போனால் பட்ட மரம். இடப்பொருளும் பழையதே. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூல் ஏழாம் வேற்றுமையின் இடப்பொருள் உருபுகளை அடுக்கும்போது 'பாடு' என்பதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்க்கிறது. அதற்கு முன்பே, கடற்கரை நிலத்துப் பாடல்களான நெய்தற்கலியில், பண்பு எது என்று வரையறுக்கும் இடத்தில் இந்தச் சொல் வருகிறது. அங்கே அதற்கு உலக நடை என்று பொருள். சுற்றியுள்ள உலகம் எப்படி நடக்கிறது என்று அறிந்து அதற்கேற்ப நடப்பவன் பண்புள்ளவன்.

கற்பிட்டிக் குடாநாட்டுக்கும் சொல் தேடும் வேலைக்கும் நல்ல பழக்கம் உண்டு. 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கையின் ஊர்களை அகரவரிசையில் தொகுத்து ஒரு கசற்றியர் வெளியிட்டார். 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் 'தமிழ் புளூட்டாக்' என்ற நூலாகத் தந்தார். ஊர்ப்பெயரோடு நிற்காமல் அந்த ஊரின் மக்களையும் விளைபொருளையும் சேர்த்து எழுதியவர் அவர். அந்த வழியில் நாமும் சொல்லைச் சற்று விட்டுவிட்டு வலையிடம் போவோம்.

கரைவலையில் ஆழ்கடல் வேட்டையின் வீரம் இல்லை. கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி கடலுக்குள் போகும். வலையை அரைவட்டமாக இறக்கிக்கொண்டே போய், மறுமுனைக் கயிற்றோடு கரைக்குத் திரும்பும். வலையின் நடுவே பை போன்ற மடி, இரு பக்கமும் நீண்ட கைகள், மேல் விளிம்பில் மிதவை, கீழ் விளிம்பில் பாரம். கரையில் ஆட்கள் இரண்டு அணியாகப் பிரிந்து இழுப்பார்கள். தொலைவில் நின்ற அணிகள் இழுக்க இழுக்க நெருங்கி வரும். ஒரு பக்கம் முந்திவிட்டால் மடி கோணும், உள்ளே வந்தது வெளியே போகும். அதனால் கைகள் ஒன்றாக அசைய அம்பா என்ற தொழிற்பாட்டைப் பாடுவார்கள். அவ்வளவு நேரமும் மடிக்குள் என்ன இருக்கிறது என்பது கரையில் யாருக்கும் தெரியாது. வலையும் தோணியும் முதலாளியான சம்மாட்டியுடையவை. செலவு போக மிஞ்சுவது பங்காகப் பிரியும். வெறும் மடி வந்தால் வெறுமையும் அப்படியே பிரியும்.

மடி கரைக்கு வரும் நேரத்தில் அவர்கள் பேசும் வினையைக் கவனிக்க வேண்டும். "நல்லாப் பட்டிருக்கு" என்பார்கள், அல்லது "இண்டைக்குப் பாடில்லை" என்பார்கள். உடம்பு முறிய இழுத்த பிறகும் வாக்கியத்தின் எழுவாயாகத் தங்களை வைப்பதில்லை. நல்ல பாட்டுக்கு மார்தட்டுவதற்கும் வெறும் மடிக்குத் தலையில் அடித்துக்கொள்வதற்கும் அந்த வாக்கியத்தில் இடம் குறைவு. செய்ய வேண்டியது செய்தாயிற்று, பட்டது பட்டது.

ஒரு பாட்டில் பல வலைகள் இருந்தால் முறை வேண்டும். பாடு என்ற சொல்லுக்குள் 'முறை' என்ற பொருள் நுழைந்த வழி இதுவாக இருக்கலாம். நீர்கொழும்புக் களப்பில் கம்பு நட்டு இறாலுக்கு வலை கட்டும் இடங்களும் பாடுகளே. அங்கே நான்கு மீனவர் சங்கங்கள் அந்த இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த ஏற்பாட்டை 1958இல் அரசும் விதியாக்கி ஏற்றுக்கொண்டது. கடலுக்கு அக்கரையில், சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரியிலும் இதன் பெயர் பாடுதான். தலைக்கட்டு என்ற ஊர்க்கணக்கில் சேர்ந்த குடும்பத்தார் சீட்டுப் போட்டு இடமும் நாளும் பெறுகிறார்கள். நல்ல இடம் ஒருவனிடமே தங்காது, கெட்ட இடமும் ஒருவனையே பிடித்துக்கொள்ளாது.

முறை இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் இலங்கையிலேயே சான்று உண்டு. தென்கரையில் தங்காலைக்கு அருகே மாவெல்ல என்ற ஊரில் கரைவலைகள் நுணுக்கமான முறையில் சுழன்றன. விடியற்கால இழுப்பு எல்லாருக்கும் சுற்றி வந்தது. ஆனால் புதிய வலைகள் சேர்ந்துகொண்டே போயின. 1970களின் தொடக்கத்தில் போல் அலெக்சாந்தர் என்ற மானிடவியலாளர் அங்கே ஆய்வு செய்தபோது வலைகள் மிகப் பெருகியிருந்தன. முறை தவறாமல் வந்தது, ஆனால் வருவதற்கு நெடுநாள் எடுத்தது. வந்தபோது வயிறு நிறையவில்லை. எலினோர் ஒஸ்ரம் 1990இல் பொதுவளங்கள் பற்றி எழுதிய நூலில் இந்த ஊரைத் தோற்றுப்போன ஏற்பாடுகளில் ஒன்றாகக் காட்டினார். 2009இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இனிப் புத்தகக் கடைக்கு வருவோம். கொழும்பிலும் சென்னையிலும் சுயமுன்னேற்ற நூல்களுக்குத் தனி அடுக்கே இருக்கிறது. அதன் முதுகுகளைப் படித்துக்கொண்டு போனால் நம்முடைய கரைச்சொல் வரிசையாக நிற்பதைக் காணலாம்: மேம்பாடு, ஈடுபாடு, கட்டுப்பாடு, வெளிப்பாடு, நிலைப்பாடு, உடன்பாடு, பண்பாடு. எல்லாம் படு பெற்ற பிள்ளைகள். மேம்படு என்பதிலிருந்து மேம்பாடு, ஈடுபடு என்பதிலிருந்து ஈடுபாடு. ஆனால் புத்தகத்தைத் திறந்தால் உள்ளே பேசும் வினை வேறு. மேம்படுத்து, கட்டுப்படுத்து, வெளிப்படுத்து, ஒருமுகப்படுத்து. படு போய்ப் படுத்து வந்துவிட்டது.

இரண்டுக்கும் இடையில் ஒரு 'த்து'தான். அதற்குள் வாழ்க்கையைப் பார்க்கும் இரண்டு விதங்கள் இருக்கின்றன. படுத்துகிறவன் எல்லாவற்றையும் தானே ஆக்குகிறவன். அவனுக்கு மனதும் ஒரு வேலைக்காரன், உடம்பும் ஒரு வேலைக்காரன். ஆகாவிட்டால் குற்றமும் முழுக்க அவனுடையது. தன்னம்பிக்கை நூல்கள் எழுதிய எம்.எஸ். உதயமூர்த்தி போன்றவர்களின் எழுத்து நம்பிக்கையற்றுக் கிடந்த எத்தனையோ இளைஞர்களை எழுப்பி உட்கார வைத்தது. அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. எழுந்து உட்கார்ந்தவனுக்கு அடுத்துத் தேவைப்படுவது படு. ஒருவரை ஒருநாளும் 'ஈடுபடுத்தி' ஈடுபாட்டை உண்டாக்கிவிட முடியாது என்பது பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த எல்லாருக்கும் தெரியும். ஈடுபாடு வருகிற இடத்தில் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தலாம். மிச்சம் படவேண்டும்.

உணர்ச்சிகளுக்கும் இது பொருந்தும். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே உண்டு. உள்ளத்தில் எழுவது மெய்யில் பட்டுத் தெரிவது மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு. அழுகையும் அச்சமும் சிரிப்போடும் மகிழ்ச்சியோடும் ஒரே வரிசையில் நிற்கின்றன. நல்ல உணர்ச்சி, கெட்ட உணர்ச்சி என்று இரண்டு பெட்டிகள் இல்லை. இன்றைக்கு "கோபத்தைக் கட்டுப்படுத்துங்கள், பயத்தை அப்புறப்படுத்துங்கள்" என்று கேட்டுக் கேட்டுக் களைத்த காதுக்கு இந்த வரிசை ஆறுதல் தருகிறது. அச்சம் வந்து பட்டது. அது மெய்யில் தெரிகிறது. தெரிவதால் பக்கத்தில் இருப்பவன் கண்டுகொள்கிறான். காணாவிட்டால் "பாடு எப்பிடி?" என்று அவன் கேட்பது எப்படி?

பாடு என்ற சொல்லுக்குத் துன்ப முகமும் உண்டு. இலங்கையின் மேற்குக் கரையோரத்துக் கத்தோலிக்கருக்குப் பாடுகள் என்றாலே கிறிஸ்துவின் பாடுகள்தான். நீர்கொழும்பில் தூவ என்ற சின்னத் தீவு தவக்காலத்தில் அந்தப் பாடுகளை ஊரே கூடி நடிப்பதற்குப் பேர்போனது. களப்பில் பாட்டு முறையைப் பகிரும் நான்கு சங்கங்களில் ஒன்றும் அதே தூவதான். சிங்களப் பேச்சில் 'பாடுவ' என்றால் நட்டம். தமிழிலும் அந்தக் கசப்பு முகம் மங்கவில்லை. "பாடாய்ப் படுத்தாதே" என்று சொல்லாத தாய் உண்டா?

கசப்பை மறைத்துவிட்டு இந்தச் சொல்லைப் பேச முடியாது. கற்பிட்டியில் அது இன்னும் முடியாது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது பெருந்தொகையானோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. அவர்களில் மன்னார்க் கடலில் தொழில் செய்தவர்களும் இருந்தார்கள். விட்டு வந்தது வீட்டை மட்டுமா? கரையில் தங்களுக்கென்று இருந்த இடமும் முறையும் போயின. வந்த இடத்தில் ஒவ்வொரு கரைத்துண்டுக்கும் ஏற்கெனவே ஆள் இருந்தது. பலர் வெங்காயத் தோட்டங்களிலும் மிளகாய்த் தோட்டங்களிலும் கூலிக்குப் போனார்கள். பாடு இழந்தவர் பாடுபட நேர்ந்த கதை இது. ஒரே சொல்லின் இரண்டு பொருளும் ஒரு மனிதனின் மேல் வந்து விழுந்தன. "மனதைத் திடப்படுத்திக்கொள்" என்று அவனிடம் சொல்வதற்கு முன், நிற்க ஓர் இடமும் இழுக்க ஒரு முறையும் அவனுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மனநலம் மனதுக்குள் மட்டும் கிடைக்கிற பொருள் அன்று.

இன்றைய கண்டக்குழிக்கு மன அமைதி தேடிப் பிற நாட்டார் வருகிறார்கள். மே மாதத்தில் சோழகக் காற்று எழுந்தால் கடல் கொந்தளிக்கும், இழுப்பு ஓயும். அந்த மாதங்கள்தான் பட்டத்தில் தொங்கி அலைமேல் ஓடும் கைட் விளையாட்டுக்கு முக்கியப் பருவம். காற்று எழட்டும் என்று ஒருவர் பார்த்திருக்க, விழட்டும் என்று மற்றவர் பார்த்திருக்கிறார். இருவரும் ஒரே வானத்தைப் பார்க்கிறார்கள். இருவராலும் காற்றைப் படுத்த முடியாது.

கரைக்கு அப்பால் 1992இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பவளப்பாறைத்தொடர் கிடக்கிறது. 1998இல் கடல் சூடேறியபோது அங்கே பவளம் வெளுத்துப் பட்டுப்போனது. பின்வந்த ஆண்டுகளில் ஆழங்குறைந்த பகுதிகளில் மெல்ல மெல்லத் தழைத்தது. 2016இல் மறுபடி வெளுத்தது. அந்தத் தழைப்பை யாரும் செய்யவில்லை, அது மேம்பட்டது. வெளுப்புக்கு மட்டும் மனிதர் நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

"தன்ட பாட்டில இருக்கிறான்" என்று ஒருவரைச் சொல்வோம். யாருக்கும் தொந்தரவில்லாமல், யாருடைய தொந்தரவும் இல்லாமல், தன் போக்கில் இருப்பவன் அவன். "தன்ட பாட்டை மட்டும் பார்க்கிறான்" என்றால் அது வசை. ஓர் உருபும் ஒரு வினையும் மாறினால் நிம்மதி தன்னலமாகிவிடும் என்று இந்தச் சொல்லுக்குத் தெரிந்திருக்கிறது.

வெறும் மடி வந்த நாளிலும் கரையில் வேலை முடிவதில்லை. சிக்கிய பாசியைப் பிய்த்து எறிகிறார்கள். அறுந்த கண்களைப் பார்த்து வைக்கிறார்கள். காய்ந்த வலையை அடுத்த முறை சிக்காமல் ஓடும்படி மடிப்பு மடிப்பாகத் தோணிக்குள் அடுக்குகிறார்கள். அந்த நேரம் பார்த்து வழியால் போகிற ஒருவர் "என்ன, பாடு எப்பிடி?" என்று கேட்கலாம். கை வலையிலேயே இருக்க, நிமிராமல் பதில் வரும்:

"இண்டைக்கு ஒண்டுமில்லை. வியாழக்கிழமை எங்கட முறை."